சண்டை நடந்த வீட்டில் ஓட்டு விழாது

எனக்குக் கோபம் வராது. பேருந்தில் யாராவது என் காலை மிதித்தால்கூட, கால் அங்கே இருந்ததற்காக நான்தான் மன்னிப்புக் கேட்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் வெளியே ஸ்டேஷன் வராந்தாவில் நிற்பவர்கள், ஊரையே அடித்துக்கொள்ள வைத்தவன் எப்படி இருப்பான் என்று கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு ஏமாந்துபோகிறார்கள். ஒரு அம்மாள், "இந்த ஆளா? பாவமா இருக்காரே" என்று சொன்னது எனக்கே கேட்டது.

வாக்குமூலத்தை எழுதியே கொடுக்கச் சொன்னீர்கள், மேடம். நான் பேசினால் தட்டச்சு செய்பவருக்குத் தூக்கம் வருகிறது என்பதால் இருக்கலாம். எழுதுவது எனக்குப் பிடித்த வேலைதான். சொல்லப்போனால் வழக்கே அதனால் வந்ததுதான்.

நகரத் தலைவர் தேர்தலில் நான் வேலை பார்த்தது டைல்ஸ்காரருக்கு. எங்கள் தேர்தல் அலுவலகம் ஒரு மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கடையில் இடம் போதாத மெத்தைகளை எங்கள் நடைபாதையில் அடுக்கி வைப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தொண்டர்கள் அதில் படுத்துக்கொண்டு தரம் பார்ப்பார்கள். உள்ளறையில் நானும் என் கணினியும். திரையில் ஊரின் வரைபடம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி. எங்களுக்கு ஓட்டுப் போடுகிற வீடு பச்சை, எதிர்த்தரப்பு சிவப்பு, இன்னும் முடிவு செய்யாதது மஞ்சள். வாக்காளர் பட்டியலையும் கைபேசி எண்களையும் இணைத்து இந்தப் புள்ளிகளை நான்தான் உருவாக்கினேன். முடித்த அன்று பார்த்தால் திரை முழுக்க அம்மை போட்டதுபோல் ஒரே சிவப்பு.

அதற்குக் காரணம் எதிர் வேட்பாளர் டீச்சர். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஊரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பாதி, அவரிடம் படித்திருந்தால் உருப்பட்டிருப்போமே என்று நினைப்பவர்கள். எங்கள் டைல்ஸ்காரரும் நல்ல மனிதர்தான். ஆனால் ஓட்டுக் கேட்க ஒரு வீட்டுக்குள் போனால் கையைக் கூப்பிக்கொண்டே தரையைப் பார்ப்பார். காலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இது யாரு போட்டது? அடியில காத்து நிக்குதே. சீக்கிரம் பெயர்ந்துரும்" என்பார். அவர் வெளியே வந்ததும் மஞ்சள் புள்ளி சிவப்பாக மாறிவிடும்.

தலைமையகத்திலிருந்து எங்களுக்கு ஒரு ஒருங்கிணைப்பாளரை அனுப்பியிருந்தார்கள். இரண்டு காதிலும் இரண்டு கைபேசியை வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவரோடு மூன்றாவதாகப் பேசுகிறவர். ஒரு நாள் என் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பச்சையக் கூட்ட முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு. சிவப்பக் குறைக்க ஏதாவது வழி இருக்கா, பாருப்பா."

நான் யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க வைத்தது எங்கள் பக்கத்து வீடு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். வாசலில் வண்டிகூட வந்து நின்றுவிட்டது. அப்போது கணவரின் சட்டைக்கு இஸ்திரி போடவில்லை என்று ஒரு பேச்சு வந்தது. பேச்சு சட்டையிலிருந்து மாமியாருக்குப் போனது. மாமியாரிடமிருந்து, முதல் பிள்ளை பிறந்தபோது யார் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்பதற்குப் போனது. வண்டிக்காரர் சலித்துப்போய்க் கிளம்பிவிட்டார். மொத்தக் குடும்பமும் நல்ல துணி உடுத்திக்கொண்டு, ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

நான் மாடியில் துணி காயப்போட்டபடி இதைப் பார்த்தேன். விருந்து போடுகிற கல்யாணத்துக்கே போகாதவர்கள், வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போடவா போவார்கள்? அதிலும் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே வாக்குச்சாவடி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்றிருப்பவர்களுக்கு அதைவிடப் பொருந்தாத இடம் இல்லை. சிவப்பு வீடுகள் தேர்தலன்று சண்டையில் இருந்தால் போதும். யாரும் யாரையும் மிரட்ட வேண்டாம், காசு கொடுக்க வேண்டாம். ஊரிலேயே அமைதியான தேர்தல் உத்தி என்று அப்போது நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

எந்த வீட்டில் எதைத் தொட்டால் வலிக்கும் என்பது தெரிய வேண்டும். அதற்காக நான் ஒரு கைபேசிச் செயலி செய்தேன். அதில் கட்சியின் பெயர் இருக்காது. உங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் எப்போது வரும், மின்சாரம் எப்போது போகும் என்று சரியாகச் சொல்லும். நேரத்தைப் பார்க்க வேண்டுமானால் தினம் ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். அவ்வளவுதான். தண்ணீர் வரும் நேரம் தெரிவதற்கு மனிதர்கள் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். 'கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் விட்ட பழக்கம் எது?' என்று கேட்டால் ஒரு சொல்லில் எழுதலாம் அல்லவா? பக்கம் பக்கமாக எழுதினார்கள். சிலர் மறுநாள் வந்து, 'நேற்று ஒன்று விட்டுப்போய்விட்டது' என்று தொடர்ந்தார்கள்.

முதலில் ஒரு வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. நன்றாகத் தெரிந்த வீடாக இருக்க வேண்டும். சண்டையே நடக்காத வீடாகவும் இருக்க வேண்டும், அப்போதுதான் முடிவு தெளிவாகத் தெரியும். நானும் என் மனைவியும் குடியிருந்த மாடி வீட்டுக்குக் கீழேயே அப்படி ஒரு வீடு இருந்தது. என் அக்காவும் அத்தானும்.

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேச மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து தினமும் காலையில் அக்காவுக்கு வெந்நீர் போட்டு வாளியில் எடுத்து வைக்கிறவர். அக்கா பள்ளிக்கூட நூலகத்தில் வேலை செய்கிறாள். தான் விட்ட பழக்கமாக அவள் எழுதியது 'பாட்டு'. நான் அக்காவுக்குச் செயலி வழியாக ஒரு சிறு கட்டுரை அனுப்பினேன்: குடும்பத்துக்காகத் திறமையை மூட்டைகட்டி வைத்த பெண்களைப் பற்றி. நல்ல கட்டுரை, அழுகை வரும். அதே காலையில் அத்தானுக்கு ஒரு கேள்வி: 'நீங்கள் தினமும் செய்கிற உதவிக்கு உங்கள் மனைவி கடைசியாக எப்போது நன்றி சொன்னார்? யோசித்துப் பார்த்தால் தவறில்லை.'

அன்று மதியம் நான் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பரிமாறிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏங்க, நான் பாடுறத நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க?"

"நானா? எப்போ?"

"கல்யாணமான புதுசுல."

"தலைவலின்னு சொல்லியிருப்பேன்."

"அன்னிக்கு வந்த தலைவலி இன்னுமா போகல?"

அத்தான் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார். அவர் குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை.

"தினமும் வெந்நீர் போட்டுத் தர்றேனே, ஒரு நாளாவது நல்லா இருந்துச்சுன்னு சொல்லியிருக்கியா?"

"வெந்நீர் நல்லா இருந்துச்சுன்னு உலகத்துல யாராவது சொல்வாங்களா?"

"நான் சொல்வேன். எனக்கு யாராவது போட்டுக் கொடுத்தா சொல்வேன்."

நான் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன். யாருக்கும் காதில் விழவில்லை.

அந்த வாரமே அத்தான் கடையில் போய்த் தங்கிவிட்டார், கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகைக்குக் கீழே பாயை விரித்துக்கொண்டு. அக்கா கொடுத்தனுப்பிய சாப்பாட்டை, அவள் கொடுத்தனுப்பியது இல்லை என்று சொல்லி அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். சும்மா போகவில்லை. நாளைக்கே தேர்தல் வைத்தால் ஓட்டுப் போடப் போவீர்களா என்று இருவரிடமும் கேட்டேன். "அந்த மனுஷன் நிக்கிற வரிசையில நான் நிக்கமாட்டேன்" என்றாள் அக்கா. "அவ போகட்டும். நான் எதுக்கு?" என்றார் அத்தான். ஒரே சோதனையில் இரண்டு ஓட்டு. உடனே ஒருங்கிணைப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் இரண்டு கைபேசியையும் மேஜையில் கவிழ்த்து வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இதுல பொய் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுகூட இல்லை சார். எல்லாம் அவங்களே எழுதினது."

"ஓட்டுப் போடாதேன்னு எங்கயாவது சொல்றோமா?"

"ஓட்டுங்கிற வார்த்தையே வராது சார்."

"சரி. அப்ப எனக்கு எதுவும் தெரியாது." எழுந்து கதவுவரை போனவர் திரும்பினார். "எனக்குத் தெரியாதுங்கிறத நீ நல்லாத் தெரிஞ்சு வச்சுக்கோ."

இப்படித்தான் அது ஊர் முழுவதும் போனது. சிவப்புப் புள்ளி உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவருக்கும் அவரவர் எழுதிய பதிலுக்கு ஏற்ப ஒரு செய்தி. பேக்கரி நடத்துகிற அண்ணன் தம்பிக்கு, கூட்டுத் தொழிலில் யாருடைய உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை என்று ஒரு அலசல். இருவருக்கும் ஒன்றையேதான் அனுப்பினேன்; இருவருமே அது தன்னைப் பற்றியது என்று நினைத்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு, உயிலை எழுதியவுடன் பிள்ளைகளிடம் படித்துக் காட்டிவிடுவது நிம்மதி என்று ஒரு யோசனை. பல் மருத்துவரும் அவர் மனைவியும் மட்டும் எதற்கும் அசையவில்லை. செய்தி வந்தால் சேர்ந்து உட்கார்ந்து படித்துச் சிரித்தார்கள். அதை என் தொழிலுக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டேன். கடைசியில், படுக்கையறை ஏசியை எவ்வளவு குளிரில் வைப்பது உடம்புக்கு நல்லது என்று இருவருக்கும் ஆளுக்கொரு மருத்துவர் கருத்தை அனுப்பினேன். அந்த வீடும் உடைந்தது.

ஊர் மாறியது கண்ணுக்கே தெரிந்தது. விடுதிகளில் அறை கிடைக்கவில்லை. மதிய நேரத்தில் உணவகங்களில் ஆண்கள் தனித்தனி மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பூட்டுக்கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் புன்னகைத்தார், தன் வியாபாரம் கூடியதற்குக் காரணம் நான் என்று தெரியாமலே.

ஒரே ஒரு தவறு நடந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன். மனிதர்கள் தங்களுக்கு வருவதைத் தங்களோடு வைத்துக்கொள்வதில்லை. 'இதைப் படிச்சுப் பாரு, அப்படியே உன் வீட்டுக்காரர்தான்' என்று தோழிக்கு அனுப்புகிறார்கள். சிவப்புக்கு அனுப்பியது மஞ்சளுக்குப் போய், பச்சைக்கும் போய்விட்டது. ஒரு நாள் காலையில் அலுவலகத்துக்கு வந்தால் நடைபாதை மெத்தையில் டைல்ஸ்காரரே படுத்திருக்கிறார், தலைமாட்டில் ஒரு பெட்டியுடன்.

"என்ன சார் இங்க?"

"வீட்டுல எல்லா ரூம்லயும் நான் போட்ட தரைதான் தம்பி," என்றார் மெதுவாக. "ஒரு ரூம்லயும் எனக்கு நிக்க இடமில்லை."

அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறுதல் சொன்னேன். தேர்தல் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அதை நான் உண்மையிலேயே நம்பினேன், மேடம்.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபி கொடுப்பவள். யாருடைய உடம்பில் எங்கே வலி என்று தொட்டே கண்டுபிடிப்பாள். அந்த நாட்களில் அக்கா அவளிடம் வந்து அழுவாள். கடைக்குப் போனால் அத்தான் அவளிடம் புலம்புவார். இருவரும் தங்கள் தங்கள் கைபேசியைக் காட்டியிருக்கிறார்கள். ஒரு மாலை நான் வீட்டுக்கு வந்தபோது அவள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை.

"இது உங்க எழுத்துதானே?"

"எதை வச்சுச் சொல்ற?"

"'யோசித்துப் பார்த்தால் தவறில்லை.' உங்களத் தவிர இப்படி யாரு எழுதுவா? நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு நீங்க எழுதினதும் இதேதான். 'என்னைத் திருமணம் செய்துகொள்வது பற்றி யோசித்துப் பார்த்தால் தவறில்லை'ன்னு."

நான் பொய் சொல்வதில்லை. ஆமாம் என்றேன்.

"அக்காவுக்கும் நீங்கதான் அனுப்பினீங்களா?"

"அக்காவுக்குத்தான் முதல்ல."

அவள் எதையும் தொடாத கையை ரொம்ப நேரம் குழாயில் கழுவினாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனது டீச்சர் வீட்டுக்கு. டீச்சரின் முழங்காலுக்கு அவள்தான் பயிற்சி கொடுத்துவந்தாள் என்பது எனக்குத் தெரியும். திரையில் அந்த வீட்டின் புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். ஆனால் முழங்கால் வழியாக விஷயம் போகும் என்பது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

டீச்சர் செய்தது மிக எளிமையான காரியம். மறுநாளிலிருந்து ஓட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டார். குச்சியை ஊன்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஆளுக்கொரு அறையில் இருப்பவர்களைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் போனை மேஜை மேல வைங்க," என்பாராம். "ம். இப்ப மாத்தி எடுத்துப் படிங்க."

அவ்வளவுதான். கணவன் மனைவிக்கு வந்ததைப் படித்தான், மனைவி கணவனுக்கு வந்ததைப் படித்தாள். ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில், இரண்டு பேர் காதிலும் ஒருவனே ஊதியிருக்கிறான் என்று விளங்கிவிட்டது. நாற்பது வயது ஆட்கள்கூட டீச்சர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டார்களாம். டீச்சர் நடக்க முடியாத தெருக்களுக்கு, சமாதானமானவர்கள் போய் மற்றவர்களுக்குச் சொன்னார்கள்.

தேர்தலன்று நான் திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாக்குச்சாவடிகளில் அப்படி ஒரு கூட்டத்தை ஊர் பார்த்ததில்லை. புதிதாகக் கல்யாணமானவர்கள்போல் கையைக் கோத்துக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் டீச்சருக்குப் போட்டார்கள். டைல்ஸ்காரரும் தன் மனைவியோடு வந்தார். அவர் மனைவி யாருக்குப் போட்டார் என்று தான் கேட்கவில்லை என்றார். தானும் யாருக்குப் போட்டேன் என்று சொல்லவில்லை என்றார். தோற்ற பிறகு அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தால் எனக்கு அவர்மேல் சின்னச் சந்தேகம் உண்டு.

ஒருங்கிணைப்பாளர், அப்படி ஒருவனைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று பேட்டி கொடுத்தார். இரண்டு கைபேசியிலும் என் அழைப்பை எடுக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பேக்கரிக்கு நடுவில் சுவர் எழும்பிவிட்டது. அண்ணன் பக்கம் அடுப்பும் தம்பி பக்கம் கல்லாவும் மாட்டிக்கொண்டதால், அந்தத் தெருவில் இப்போது ரொட்டி கிடைப்பதில்லை. தபால்காரர் உயிலைப் படித்துக் காட்டிய பிறகு, பிள்ளைகள் அவரை ஒரு விடுதி அறையில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். காற்றோட்டமான அறை. அவர் வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர். தனக்கு வந்த செய்தியை அனுப்பியவன் நான் என்று தெரியாமல், எனக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார்.

அத்தான் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். காலையில் அக்கா பாடுகிறாள், அவர் வெந்நீர் போடுகிறார். பாட்டு நன்றாக இல்லை. ஆனால் அவர் அப்படிச் சொல்வதில்லை. அவள் வாளியைத் தொட்டுப் பார்த்து, "நல்ல வெந்நீர்" என்கிறாள். அதாவது என் தலையீட்டால் அந்த வீடு முன்பைவிட நன்றாக இருக்கிறது. இதை அக்காவிடம் எடுத்துச் சொல்லப் போனேன். அவள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் சட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றாக மடித்து, மாடிப்படியில் வைத்தாள். "மாடியக் காலி பண்ணிரு" என்றாள். சட்டைக் கைகளை உள்ளே மடக்கி, சின்ன வயதில் எனக்குப் பள்ளிச் சீருடை மடிப்பாளே, அப்படியே மடித்திருந்தாள். நான் இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும், மேடம். நீங்களும் அந்தச் செயலியில் தண்ணீர் நேரம் பார்த்தவர்தான். உங்கள் வீட்டுப் புள்ளியும் சிவப்பு. உங்கள் கணவர் இப்போது அவருடைய அம்மா வீட்டில்தான் இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. கேட்பது முறையாகாது. இருவரும் போனை மாற்றிப் படித்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில்: ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மனிதர்கள் தண்ணீருக்காக என்னை நம்பிச் சொன்னதை எடுத்து, அவர்கள் வீட்டுக்குள்ளேயே அவர்கள்மேல் எறிந்தேன். அதனால் எனக்கு ஒரு நாளும் தூக்கம் கெடவில்லை. மறுபடியும் வாய்ப்புக் கிடைத்தால், செய்திகளை மற்றவர்களுக்கு அனுப்ப முடியாதபடி ஒரு பூட்டுப் போட்டிருப்பேன்.

புகார் கொடுத்தது என் மனைவிதான் என்று நேற்று சொன்னீர்கள். டீச்சர் தூண்டிவிட்டிருப்பார். அவள் இப்போது தன் அக்கா வீட்டில் இருக்கிறாள், சில நாளில் வந்துவிடுவாள். எங்களுக்குள் எந்தப் பிரச்சினையும் கிடையாது. இதை நான் சும்மா சொல்லவில்லை, சரிபார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கணினியை நீங்கள் பறிமுதல் செய்வதற்கு முன்னால் அவள் எழுதிய பதில்களைத் தேடி எடுத்துப் படித்தேன். எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் எழுதியிருக்கிறாள். 'வீட்டில் நீங்கள் பேசினால் காதுகொடுத்துக் கேட்பவர் யார்?' என்ற கேள்விக்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் தொழிலில், காலியாக விட்ட இடத்தை 'குறை எதுவும் இல்லை' என்றுதான் பதிவு செய்வோம்.